மத்தியானத்தில் விடியும் காடைகள்

சம்மாட்டியார்,

நேற்றுக் காலை காடைக் கூட்டுக்கு மேலே கட்டியிருந்த வலைத்துண்டைக் கழுவுவதற்காக அவிழ்த்தேன். நீங்கள் உங்கள் கையால் வெட்டிக் கட்டித் தந்த வலை. மூன்று வருடத்துக்கு மேலாக எங்கள் முன்னறைக்குள் கிடக்கிறது. எத்தனையோ தரம் சவர்க்காரம் போட்டுக் கசக்கிவிட்டேன். ஆனாலும் வாளித் தண்ணீருக்குள் போட்டவுடனே கருவாடும் எஞ்சின் எண்ணெயும் கலந்த அந்த மணம் எழும்பி வந்தது. உங்கள் படலையைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அந்த மணம்தான். கிணற்றடியில் குந்தியபடி, கையை வாளிக்குள்ளேயே விட்டுக்கொண்டு அந்த மணத்தை மூச்சில் இழுத்தேன்.

சம்மாட்டியார் என்று கூப்பிட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் செய்கிறவரைத்தான் அப்படி அழைப்பார்கள். உங்களிடம் இருந்தது ஒரு பழைய வள்ளமும், அதைவிடப் பழைய ஓர் எஞ்சினும். கமநலக் கந்தோரில் விவசாயிகளுக்குப் பசளை விண்ணப்பம் எழுதியே தலைநரைத்த கிளாக்கரான என்னை நீங்கள் "விதானையார்" என்று, ஏதோ கிராமத்துக்கே அதிகாரி மாதிரி, கூப்பிடத் தொடங்கினீர்கள். அதற்குப் பழிவாங்கத்தான் நான் இந்தப் பட்டத்தைத் தந்தேன். ஆனால் நாம் இந்த மாதிரிப் பகிடி விடுகிற அளவுக்கு வர முன்னம் சண்டை பிடித்தவர்கள். அதைத்தான் இன்றைக்கு எழுத நினைக்கிறேன். ஏனென்றால் அந்தச் சண்டைக்கு நான் இன்னமும் உங்களிடம் ஒழுங்காக மன்னிப்புக் கேட்கவில்லை.

நறுவிலிக்குளத்து வயலையும் வளவையும் விட்டு நாங்கள் மன்னார் தீவுக்கு வந்தது என் மனைவிக்காக. அவளுக்கு மறதி தொடங்கியிருந்தது. மகள் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்தபடியால் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது சுகம் என்று இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் நீங்களும் உங்கள் மனைவியும், இந்தப் பக்கம் நாங்கள். வந்த நாள் தொட்டு என் மனைவிக்கு விடிந்தால் ஒரே வேலை. பையை எடுத்துத் தோளில் கொழுவிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடப்பாள். "வயலுக்குத் தண்ணி திறக்கவேணும்" என்பாள். இரண்டு தரம் தெரிந்த முகங்கள் கூட்டி வந்து விட்டார்கள். ஒரு தரம் பாலத்தடியில், வெயிலுக்குள், செருப்பில்லாமல் நின்றாள். அன்றைக்கு நான் அழுதேன். அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஏன், தண்ணி வரேல்லையோ?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் மகள் ஒரு காட்போட் பெட்டிக்குள் ஏழு காடைக் குஞ்சுகளைக் கொண்டுவந்தாள். என் மனைவி பையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு பஸ் நிலையத்தை அவள் கேட்கவேயில்லை. எங்களுக்கு அந்தக் குஞ்சுகள் சும்மா வளர்ப்புப் பிராணிகள் அல்ல என்பதை நான் உங்களுக்கு அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. என் வீட்டுக் கதையை ஊருக்கு ஏன் சொல்லவேண்டும் என்ற வீறாப்பு.

இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. வளர்ந்த காடையும் கைப்பிடிக்குள் அடங்கும். சேவல் காடை வாயைத் திறக்கும் வரைக்கும் அதை எல்லாருக்கும் பிடிக்கும். இரண்டு தரம் தொண்டையைச் செருமி, பிறகு கரகரவென்று ஓர் இழுவை இழுக்கும். அதையே திரும்பத் திரும்ப. எங்கள் கூட்டை நான் வைத்திருந்தது நடுச்சுவரோடு ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் கட்டில், கட்டிலில் உங்கள் தலை. நீங்கள் பொழுதுபடக் கடலுக்குப் போய் விடிந்தபின் கரைக்கு வந்து, மீனைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வரைக்கும் படுக்கிற மனிதர். இதொன்றும் எனக்குத் தெரியாது. வயற்காரன் வீட்டுப் பிள்ளைக்கு விடிந்தபிறகு படுக்கிறவன் என்றால் சோம்பேறி.

நீங்கள் முதல்தரம் படலையில் வந்து நின்றபோது உங்கள் கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தது. குடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணை, உந்தச் சத்தத்தை என்ன செய்யப்போறியள்?"

"கோயில் மணி அடிக்குது, பள்ளியிலை பாங்கு சொல்லுது, ஒழுங்கை முழுக்கக் கழுதை கத்துது. அதுக்கெல்லாம் நித்திரை கொள்ளுறியள். இந்தக் கையளவு குருவிக்குத்தான் முழிப்பு வருதோ?"

நான் சொன்ன அந்தப் பதில் எனக்கு மிகவும் கெட்டித்தனமாகப் பட்டது. நீங்கள் கோபிக்கவில்லை. படலைக் கம்பியைப் பிடித்தபடி ஆறுதலாகச் சொன்னீர்கள்.

"மணியும் பாங்கும் நேரத்துக்கு நிக்கும் அண்ணை. கழுதை ஒருக்காக் கத்திப்போட்டுப் போயிடும். இது அப்பிடியில்லை. இப்ப ஓய்ஞ்சிட்டுது எண்டு கண்ணை மூடுறன், அடுத்ததைத் தொடங்குது. நேற்று எஞ்சின் பிடியிலை கையை வைச்சபடியே அயர்ந்துபோனன். முழிச்சுப் பாத்தால் வெளிச்சவீட்டு லைற் மற்றப் பக்கத்திலை நிக்குது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் இந்தியா எல்லை. கூட வந்தவன் உலுப்பி எழுப்பாட்டி நான் இண்டைக்கு இஞ்சை நிண்டு கதைக்கமாட்டன்."

"பாப்பம்" என்றேன். கந்தோருக்கு வந்தவர்களை அனுப்பிவைக்க நான் காலம் முழுக்கச் சொல்லிப் பழகிய சொல். அதை உங்களுக்கும் சொன்னேன். இன்றைக்கும் அந்தச் சொல் என் காதில் கேட்டால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நீங்கள் போனபின் எனக்குள் ஏதோ உறுத்தியது. எங்கள் ஊரில் சண்டித்தனம் பண்ணுகிற சேவற்கோழியைத் தனியாகப் பிடித்துக் கரப்புக் கூடையால் கவிழ்த்து மூடிவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் அடங்கிப்போகும். அதே வைத்தியத்தைச் செய்தேன். கத்துகிற சேவல் காடையைப் பிடித்து, மீன்காரியிடம் வாங்கிய கூடையால் மூடி, குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். கோழி வேறு, காடை வேறு என்பது எனக்கு எங்கே தெரியும். பேடுகளைப் பிரிந்த சேவல் காடை, "எங்கே நிற்கிறீர்கள்?" என்று விடாமல் கூப்பிடத்தான் செய்யும். நான்கு பக்கமும் வெறும் சீமெந்துச் சுவர். அது கூப்பிட்டது ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

அடுத்த நாள் மத்தியானம் நீங்கள் திரும்பவும் படலையில் நின்றீர்கள்.

"என்ன அண்ணை, மைக் பூட்டினியளோ?"

அந்தக் களைப்பிலும் உங்களுக்குப் பகிடி வந்தது. எனக்குத்தான் சுள்ளென்று ஏறியது. உங்களில் வந்த கோபமில்லை, என்னில் வந்த கோபம். ஏழையும் பிடித்துப் பெட்டிக்குள் போட்டேன். நறுவிலிக்குளத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டு வருவோம் என்று மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு திரும்பினால், பெட்டி என் மனைவியின் மடியில். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். "விடு" என்றேன். விடவில்லை. சத்தமில்லாமல் அழுதாள். நான் பெட்டியை இழுத்தேன், சம்மாட்டியார். ஆம், இழுத்தேன். நீங்கள் அதைப் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் கேளாமல் உள்ளே வந்தீர்கள். என் கையை மெல்ல எடுத்து அப்பால் விட்டீர்கள். என் மனைவிக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தீர்கள்.

"அக்கா, உங்கட குஞ்சுகளை ஒருதரும் கொண்டுபோகேல்லை. எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ."

அவள் பெட்டியைத் திறந்து உங்களுக்கு மட்டும் காட்டினாள். அந்த நிமிடத்துக்குத்தான் நான் உங்களுக்கு ஆயுளுக்கும் கடமைப்பட்டவன். நித்திரையில்லாமல் கடலில் சாகப் பார்த்தவர் நீங்கள். "கொண்டுபோ" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நியாயம் உங்கள் பக்கம். நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் கூட்டுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்க்கிற மாதிரி அந்தப் பறவைகளைப் பார்த்தீர்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு சொன்னீர்கள், "நெஞ்சு செம்மண் நிறமாய் இருக்கிறது ரெண்டு அண்ணை. புள்ளி போட்டதுகள் வாயைத் திறக்கேல்லை. இவர் கத்த அவர் பதில் சொல்லுறார், அவர் சொல்ல இவர் விடுறாரில்லை." ஏழில் இரண்டு சேவல் என்பதை நான் அதுவரை கவனிக்கவில்லை. என் மனைவியிடம் நீங்களே கேட்டு, அவளே தெரிந்தெடுத்துத் தந்த ஒரு சேவலைக் கொண்டுபோய் ஊரில் விட்டோம். மற்றச் சேவல் ஐந்து பேடுகளோடு நின்றது. அரைவாசிச் சத்தம் அன்றோடு போயிற்று.

மிச்ச அரைவாசிக்கு ஒரு கிழமை பாடுபட்டோம். கூட்டை நடுச்சுவரிலிருந்து எடுத்து எதிர்ச்சுவருக்கு மாற்றிக் கீழே நாலாக மடித்த சாக்கைப் போட்டீர்கள். வெருண்டால் காடை பறக்காது, நேரே மேலே துள்ளும். கம்பியில் மண்டை அடிபடும், ஒன்று துள்ளினால் எல்லாம் துள்ளிக் கூச்சல் போடும். கம்பி மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, உங்கள் கிழிந்த வலையில் ஒரு துண்டை வெட்டித் தொய்வாகக் கட்டினீர்கள். அடித்தாலும் நோகாது. மண் குளிப்பதற்கு ஒரு தட்டில் மணல் கொண்டுவந்தீர்கள். கடல் மணலில் உப்பிருக்கும் என்று நான் என் படிப்பைக் காட்ட, "விதானையார், இது கடல் மணல் இல்லை, உங்கட பக்கத்து ஆத்து மணல், காய வைச்சுக் கொண்டந்தனான்" என்றீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. மணலுக்குள் புரண்டு எழும்பிய காடைகள் அரை மணித்தியாலம் வாய்பேசாமல் கிடந்தன.

ஆனாலும் விடிந்தால் அது கத்தியது. நீங்கள் கண்ணை மூடுகிற நேரம் அதற்குக் கத்துகிற நேரம். ஒருநாள் முன்னறை மின்குமிழைக் காட்டி, இது எந்நேரமும் எரிகிறதா என்று கேட்டீர்கள். என் மனைவி இரவில் எழும்பி நடப்பாள், விழுந்துவிடுவாள் என்ற பயத்தில் நான் அதை அணைப்பதில்லை என்றேன்.

"அதுதான். வெளிச்சம் காட்டி மீன் பிடிக்கிறவையை நான் கண்டிருக்கிறன். லைற்றைக் கண்டால் மீனுக்கு ராவா பகலா எண்டு தெரியாது. இதுகளும் அப்பிடித்தான். கத்துறதை நிப்பாட்டேலாது அண்ணை. கத்துற நேரத்தை மாத்தலாம்."

எப்படி என்று கேட்டேன். "என்ர நேரத்துக்கு அதுகளையும் மாத்துவம்" என்றீர்கள்.

முதலில் வள்ளம் மூடுகிற தடித்த படங்கு ஒன்றைக் கொண்டுவந்து மூடினோம். மன்னார் வெக்கைக்கு அது சரிவரவில்லை. குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. அதை உருவி எறிந்துவிட்டு உங்கள் வீட்டுக்கு ஓடி, நீங்கள் உடுக்கிற கருநீலச் சாரம் இரண்டை எடுத்துவந்தீர்கள். முன்னும் பக்கமும் மூடி, பின்பக்கத்தைக் காற்றுக்காகத் திறந்துவிட்டோம். இரவுச் சாப்பாடு முடிந்தால் சாரத்தை இறக்குவது, மத்தியானம் பன்னிரண்டுக்குத் தூக்குவது. தூக்கும்போது தீனும் தண்ணீரும். நாலைந்து நாள் உள்ளே முணுமுணுத்தன. பிறகு பழகிவிட்டன. எங்கள் காடைகளுக்கு மத்தியானத்தில்தான் விடியும் என்று மகள் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லித் திரிந்தாள். முட்டை குறைந்தது உண்மைதான். கிடைத்த முட்டையில் பாதி உங்கள் வீட்டுக்கு வந்தது, உங்கள் வீட்டுச் சூடை மீனும் நண்டும் எங்கள் வீட்டுக்கு வந்தன. எங்கள் மரக்கறி நாளான வெள்ளிக்கிழமையில் மீன் கொண்டுவந்து என் மனைவியிடம் ஏச்சு வாங்கியதும் நினைவிருக்கும்.

ஆனால் பன்னிரண்டு மணி என்பது என் மனைவிக்கு விளங்கவில்லை. மணிக்கூட்டைப் பார்ப்பாள், முள் எங்கே நிற்கிறது என்று சொல்லத் தெரியாது. ஒன்பது மணிக்கே சாரத்தைத் தூக்கிவிடுவாள். அதற்கும் நீங்கள்தான் வழி சொன்னீர்கள். "அக்கா, நான் எழும்பினவுடனை சுவரிலை தட்டுறன். அதுக்குப் பிறகு திறவுங்கோ. அதுவரைக்கும் நீங்கள்தான் காவல்." அடுத்த நாள் மத்தியானம் சுவரில் இரண்டு தட்டுக் கேட்டது. அவள் எழும்பிச் சுவருக்குக் கிட்டப் போய், "எழும்பியாச்சோ தம்பி?" என்று கேட்டாள். சுவருக்குள்ளால் உங்கள் குரல் வந்தது. "ஓம் அக்கா, திறவுங்கோ."

அதுதான் அவளுக்கு உத்தியோகம் ஆனது. விடிந்தால் முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து, கூட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பாள். ஒழுங்கையில் கழுதை வந்தால் விளக்குமாற்றோடு போய்க் கலைப்பாள். மீன்காரன் கூவினால், "தம்பி படுக்கிறார், மெல்லப் போங்கோ" என்பாள். என் ரேடியோவுக்கு வாய் அடைத்தாள். எனக்கு இருமல் வந்தால் குசினிக்குப் போய் இருமவேண்டும். வீட்டில் காடை மட்டும்தான் சத்தம் போடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். மூன்று வருடம் அவள் ஒருநாளும் பையைத் தூக்கவில்லை. கிளினிக் டொக்டர் தன் மருந்தைப் புகழ்ந்தார். நான் தலையாட்டினேன்.

போன ஆவணியில் உங்களுக்கு நெஞ்சு நோ என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கடலில் எத்தனை காற்றுக்குத் தப்பியவர், மூன்றாம் நாள் வார்ட்டில் போய்விட்டீர்கள். அதுவரை, "தம்பி இன்னும் கடலாலை வரேல்லை" என்று சொல்லிச் சாரத்தை நானே தூக்கினேன். சவ அடக்கத்துக்கு என் மனைவியையும் கூட்டிவந்தேன். உங்கள் மாதா கோயில் வாங்கில் கடைசி வரைக்கும் இருந்தாள். உங்கள் மனைவியின் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் கூட்டடியில் கதிரை போட்டு இருந்தாள். பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. உள்ளே காடைகள் பசியில் சுரண்டின. "தூக்கு" என்றேன். "தம்பி எழும்பேல்லை" என்றாள். நானே தூக்கினேன். சேவல் கத்தியது. அவள் வாயில் விரலை வைத்து அதை அதட்டினாள், பிறகு என்னைக் கோபமாகப் பார்த்துவிட்டுச் சாரத்தைத் திரும்ப இழுத்து மூடினாள். மூன்றாம் நாள் காலையில் அலுமாரியைத் திறந்து பையை எடுத்தாள். நான் குசினியிலிருந்து ஓடிவந்து பார்த்தபோது அவள் ஒழுங்கை முனையைத் தாண்டிவிட்டாள். அந்த வெயிலில் பின்னால் ஓடியபோது, சம்மாட்டியார், செத்துப்போனதற்காக உங்களில் எனக்குக் கோபம் வந்தது.

அன்று பன்னிரண்டுக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி கறுப்புச் சேலையில் வாசலில் இருந்தார். சுவரில் தட்டவேண்டும் என்று எப்படிக் கேட்பது? அவரே எழும்பி அறைக் கதவைத் திறந்துவிட்டார். கட்டில் சும்மா கிடந்தது. தலைமாட்டுக்கு மேலே, சுண்ணாம்பில், ஒரு சதக்காசு அளவுக்கு ஊத்தை படிந்திருந்தது. அதில் இரண்டு தரம் தட்டினேன்.

"எழும்பியாச்சோ தம்பி?"

என் மனைவியின் குரலை நான் அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. எவ்வளவு அக்கறையான குரல். நான் திரும்பிப் பார்த்தேன். உங்கள் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "சொல்லுங்கோ அண்ணை" என்று தலையசைத்தார்.

"ஓம் அக்கா, திறவுங்கோ" என்றேன், எங்கள் நாற்பது வருட வாழ்க்கையில் முதல்தரமாக அவளை அக்கா என்று கூப்பிட்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் காடை செருமிவிட்டுக் கத்தியது. உங்கள் மனைவி அழுதுகொண்டே, "உந்தக் கத்தலை என்ர மனுசன் ஒரு நாள் கேளாட்டி அண்டைக்கு முழுக்க என்னட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும், அக்காவுக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு" என்றார். அது எனக்குப் புதுச் செய்தி.

அன்று தொட்டு நாளும் நான்தான் தட்டுகிறேன். பதினொன்றே முக்காலுக்கு உங்கள் மனைவி கதவைத் திறந்து வைத்துவிடுவார். காலையில் நித்திரை கொள்கிறவர் இப்போது ஒருவரும் இல்லையே, விடியவே திறந்துவிடலாமே என்று மகள் கேட்டாள். முடியாது என்றேன். காரணம் சொல்லவில்லை. வீறாப்பு இன்னும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று வலையைக் கழுவிக் கொண்டுவந்து கட்டும்போது என் மனைவி மறுமுனையைப் பிடித்துத் தந்தாள். முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சாரத்தைத் தூக்காமல், மேலால் எட்டிக் காடைகளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தம்பி சுவரிலை இப்பிடி இடிக்கிறேல்லை. ரெண்டு விரலாலை மெல்லத்தான் தட்டுவார். நீங்கள் இடிக்கக் குஞ்சுகள் வெருளுதுகள்."

நான் முடிச்சை விட்டுவிட்டேன். எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்குள் மறந்திருப்பாளோ என்ற பயமும், மறக்காமல் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயமும். அவள் வலையை இழுத்துச் சரிபார்த்துவிட்டுக் கதிரையில் போய் இருந்து, வாயில் விரலை வைத்து என்னைச் சத்தம் போடவேண்டாம் என்றாள்.

இன்றைக்கு உங்கள் கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பன்னிரண்டானதும் இரண்டு விரலால் தட்டினேன். மெல்ல, நீங்கள் தட்டுகிற மாதிரி.

"எழும்பியாச்சோ தம்பி?"

"ஓம் அக்கா, திறவுங்கோ."